குளத்துக்கு உரம் போடுவது யார்?



ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் வந்து போனவர்கள் பஸ்ஸில் இருந்தே பார்த்திருப்பீர்கள். வழியில் உள்ள குளங்கள் பல பாளம் பாளமாக வெடித்து, ஆடு மேயும் தரையாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் அங்கேயே அல்லி இலை மிதக்கும். யார் நட்டது?

யாரும் நடவில்லை. அல்லிக்கும் கொட்டிக்கும் சேற்றுக்குள் கிழங்கு உண்டு. கோடை முழுக்க அது காத்திருக்கும். மூதுரையில் ஔவையார் இந்தச் செடிகளை நல்ல உறவுக்கு உவமையாக்கியது சும்மா இல்லை!

நம் சங்கரன்கோவில் பக்கம் மழைமறைவுப் பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிய குளங்கள், ஆழமும் அதிகமில்லை. தண்ணீர் தெளிந்திருந்தால் வெயில் அடிமண் வரை இறங்கும். வேலம்பாசி போன்ற செடிகள் தரையிலேயே வேர்விட்டு, சேறு கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் இன்னும் தெளியும். சாக்கடை கலந்தால் கதை தலைகீழ். பச்சைப்பாசி படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும், அடியில் இருக்கும் செடி சாகும், சேறு கிளம்பும். ஆழமில்லாத ஏரிகள் இப்படித் தெளிவு, கலங்கல் என்ற இரண்டில் ஒரு நிலையில் நிலைத்துவிடும், ஒருமுறை கலங்கிவிட்டால் மீட்பது கடினம் என்று நெதர்லாந்து விஞ்ஞானி மார்ட்டன் ஷெஃபர் 1993-ல் எழுதினார். குளிர்நாட்டு ஏரிகளை வைத்துச் சொன்னதுதான். ஆனாலும் நம் ஊர்க் கண்மாயைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகவா இருக்கும்?

மீன்பாசி குத்தகைக்காகக் கெண்டைக் குஞ்சுகளை அளவில்லாமல் விட்டாலும் இதே கலங்கல்தான். அவற்றில் சில வகைகள் சேற்றைக் கிளறியே இரை தேடும்.

அடுத்தது ஆகாயத்தாமரை. தென் அமெரிக்கச் செடி. பூ அழகுக்காக 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. இன்று தாமிரபரணி வரை படர்ந்திருக்கிறது. ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். இலைக்காம்பு காற்றடைத்த பலூனாக உப்பியிருக்கும். கீழே கறுப்பு வேர் கொத்தாகத் தொங்கும். மண்ணே தேவையில்லை, தண்ணீரில் கரைந்த சத்து போதும். சத்து நிறைய இருந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அதன் விதை சேற்றில் 20 ஆண்டுகள் வரைகூட உயிரோடு கிடக்கும்.

அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது? நம் கழிவறையிலிருந்து, பாத்ரூமிலிருந்து, சில சலவைத்தூள்களில் இருக்கும் பாஸ்பேட்டிலிருந்து, வயலில் மிஞ்சிய உரத்திலிருந்து. உரம் போடுவது நாம்; திட்டு மட்டும் செடிக்கு!

ஜேசிபி வைத்து அள்ளுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அள்ளியதைக் கரையிலேயே குவிக்கிறார்கள். அடுத்த மழையில் அது மறுபடி குளத்துக்குள். சாக்கடை வாய்க்காலை அப்படியே விட்டுவிட்டு ஆகாயத்தாமரையை மட்டும் அகற்றுவது, என்னைக் கேட்டால், வீண்செலவு. தூர்வாருகிறேன் என்று குளம் முழுக்கத் தோண்டினால் அல்லிக்கிழங்கும் வண்டலோடு லாரி ஏறிவிடும். ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைக்கலாமே?

அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டு நாளும் கிராமசபை உண்டு. நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு கவுன்சிலர் இருக்கிறார். 'நம் தெருக் கழிவுநீர் எந்தக் குளத்தில் போய் விழுகிறது?' என்று மட்டும் கேளுங்கள். கிடைத்த பதிலை எங்களுக்கு எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்