கெட்டியா இருந்தா நல்ல ஆயிலா?

மண் பரிசோதனை பண்ணாம மூட்டை மூட்டையா உரம் கொட்டுறான் விவசாயின்னு நீங்க எழுதுறதை நானும் படிக்கிறேன். நியாயமான திட்டுதான். பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்க காரோட கையேட்டை எப்பவாவது பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? அதுல என்ன ஆயில் போடச் சொல்லியிருக்குன்னு தெரியுமா?

பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. மெக்கானிக் ஆயிலை ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பார்த்துட்டு, "தண்ணி மாதிரி இருக்கு சார், நம்ம வெயிலுக்குத் தாங்காது, கெட்டியா ஊத்திடுறேன்"ன்னு சொல்வார். நீங்களும் தலையாட்டிட்டு வந்துடுவீங்க.

கெட்டிதான் தரம்னா விளக்கெண்ணெயிலதான் வடை சுடணும்!

டப்பாவுல 5டபிள்யூ-30ன்னு போட்டிருக்கே, அது 5 டிகிரியும் இல்ல, 30 டிகிரியும் இல்ல. டபிள்யூங்கிறது குளிர்காலத்தைக் குறிக்கிற எழுத்து. அதுக்கு முன்னாடி இருக்கிற எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லுது. எண் சின்னதா இருந்தா சுலபமா ஓடும். பின்னாடி இருக்கிற எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டிங்கிறதுக்கான வகுப்பு. தரத்துக்குத் தனிக் குறியீடு இருக்கு, அது வேற.

அடுத்தது அந்த வெயில் கதை. வேலூர் மே மாசமானாலும் சரி, ஊட்டி மார்கழியானாலும் சரி, ஓடுற என்ஜினோட தண்ணிச் சூட்டை தெர்மோஸ்டாட் 90 டிகிரிக்குப் பக்கத்துல பிடிச்சு வைக்குது. 40 டிகிரி வெயில் நமக்குத்தான் சூடு, என்ஜினுக்கு அது குளிர். 5டபிள்யூ-30 ஆயிலே 40 டிகிரியில, 100 டிகிரியில இருக்கிறதைவிட அஞ்சாறு மடங்கு கெட்டியா இருக்கும். காலையில ஸ்டார்ட் பண்றப்ப இன்னும் கெட்டி. அந்த முதல் சில நொடியிலதான் ஆயில் மேலே கேம்ஷாஃப்ட் வரைக்கும் சீக்கிரம் போய்ச் சேரணும். அங்கே 20டபிள்யூ-50 ஊத்தினா பம்ப்பு திணறும், மைலேஜும் குறையும். வால்வு நேரத்தையே ஆயில் அழுத்தத்தால மாத்துற இன்றைய என்ஜின்களுக்கு இது இன்னும் மோசம்.

அம்பாசிடர் காலத்துக்குக் கெட்டி ஆயில் சரி. என் டிராக்டருக்கு 15டபிள்யூ-40 சரி, ஏன்னா அதோட கையேடு அப்படிச் சொல்லுது. அதுக்காகக் கொட்டகையில இருக்கிற கேனைப் பார்த்துட்டு, "மாமா, அதுலயே மூணு லிட்டர் என் காருக்கு ஊத்துங்க"ன்னு கேட்டா எப்படி?

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் சென்னையில வாடகைக் கார் ஓட்டுறான். மாசாமாசம் தவணை கட்டணும். அவன் வண்டிக்குக் கையேட்டில் இருக்கிறது 0டபிள்யூ-20. பட்டறைக்காரர் ஊத்தினது 20டபிள்யூ-40. ஏன்னா, அவர்கிட்ட இருந்த பேரல் அதுதான். உரக்கடையில எந்த மூட்டை தேங்கிக் கிடக்கோ, அதையே என் பயிருக்கு மருந்துன்னு கட்டிவிடுவாங்களே, அதே வியாபாரம்தான். என்ஜின் போனா பட்டறைக்காரருக்கு இன்னொரு வேலை. இவனுக்குப் பொழைப்பே போச்சு.

விலை அதிகம், அதனால நல்லதுன்னு எல்லா வண்டிக்கும் 0டபிள்யூ-20 ஊத்துறதும் இதே தப்புதான். கெட்டிப் படலத்தை நம்பி வடிவமைச்ச பழைய என்ஜினுக்கு அது பத்தாது. ஆயில் குடிக்கிற வண்டியா? முதல்ல எங்கே கசியுது, ரிங் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. கெட்டி ஆயில் ஊத்தி நோயை மறைக்காதீங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 டீசல் காருன்னா எண் மட்டும் பார்த்தா போதாது. புகை வடிகட்டி இருக்கிற வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊத்தணும், இல்லைன்னா வடிகட்டி அடைச்சுக்கும்.

கையேட்டில் ரெண்டு மூணு எண் கொடுத்திருந்தா, அதுக்குள்ள எதை வேணும்னாலும் எடுங்க. மெக்கானிக்கோட விரலை நம்பாதீங்க. சீல் உடைக்காத கேனை உங்க கண் முன்னாடி திறக்கச் சொல்லுங்க. இதைச் செஞ்சுட்டு அப்புறம் வந்து என் வயலுக்கு மண் பரிசோதனை பண்ணச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.