மண்ணைக் காப்போம், மண்ணில் உழைப்பவரையும் காப்போம்

பெரிய கடைகளில் இப்போது ‘ஆர்கானிக்’ என்று சீட்டு ஒட்டிய அரிசியும் பருப்பும் தனி அலமாரியில் அடுக்கி வைக்கப்படுகின்றன. விலையைப் பார்த்ததும் நம் வீட்டுத் தாய்மார்கள் நகர்ந்து விடுகிறார்கள். இது பணக்காரர் சமாச்சாரம், தாராவிக்கும் செம்பூருக்கும் இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நமக்குத்தான் இதில் முதல் வேலை இருக்கிறது என்பதே நம் கருத்து.

நம்மில் பலர் குடும்பங்கள் ஊரைவிட்டு ரயில் ஏறியது ஆசைப்பட்டு அல்ல. மழை பொய்த்தது, கிணறு வற்றியது, உரக்கடைப் பாக்கி ஏறியது, வட்டிக்காரன் வாசலில் நின்றான். சொந்த நிலமே இல்லாதவர்களுக்கோ கூலி வேலையும் நின்றது. ஊரில் விவசாயம் எப்படி நடக்கிறது என்பது நம் பிழைப்போடு சம்பந்தப்பட்ட கேள்வி.

1965, 66ஆம் ஆண்டுகளின் வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற நாடு இது. பசுமைப் புரட்சி வந்து தானியக் களஞ்சியம் நிரம்பியதை மறுப்பதற்கில்லை. ஆனால் தண்ணீர் வசதி உள்ளவனுக்குப் பொருந்திய வைத்தியத்தை வானம் பார்த்த பூமிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். இதை நேரில் கண்டவர் நம்மாழ்வார். 1963இல் கோவில்பட்டி மண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரிக் கரிசல் நிலத்துக்காக அங்கே நடந்த சோதனைகள் விலை கொடுத்து வாங்கும் விதையையும் ரசாயன உரத்தையும் நம்பியிருந்தன. ஏழைச் சம்சாரிக்கு இது கட்டுமா என்று கேட்டார். கேட்பாரில்லை. 1969இல் அரசு வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார். களக்காட்டுப் பக்கம் கிராம மக்களோடு வேலை செய்தார். 2013 டிசம்பரில் கண்மூடும் வரை ஊர் ஊராக நடந்து அவர் சொன்னது ஒன்றுதான்: விவசாயி கடைக்காரனை நம்பாமல் தன் மண்ணை நம்ப வேண்டும். தொழு உரம், கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, வேப்பம்புண்ணாக்கு, கலப்புப் பயிர் எல்லாம் கடன் வாங்காமல் பயிர் செய்யும் வழிகள்.

பூச்சி மருந்தின் முதல் பலி பூச்சி அல்ல, தெளிக்கிற கூலிக்காரன். 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற விஷவாயு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்துதான் கசிந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் தெளித்ததன் பலனை ஊர்க் குழந்தைகள் அனுபவித்தார்கள். 2011இல்தான் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நாம் குடியிருக்கும் இதே மகாராஷ்டிரத்தில், யவத்மால் பருத்திக் காடுகளில் 2017இல் மருந்து தெளித்த உழைப்பாளிகள் இருபது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். கையுறை இல்லை, முகமூடி இல்லை.

அப்படியானால் நாளைக்கே ரசாயன உரத்தைத் தடை செய்துவிடலாமா? இலங்கை அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 2021 ஏப்ரலில் அதிபர் கோத்தபய ராஜபக்ச ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார். மண்ணைத் தேற்ற அவகாசம் இல்லை; மாற்று உரம் போதிய அளவில் இல்லை; விவசாயியைக் கேட்கவும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை குறைந்தது. அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்கப் போட்ட தடை, அரிசியை இறக்குமதி செய்யும் நிலையில் கொண்டு விட்டது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அடி யார் தலையில் விழுந்தது? மலையகத்தில் நம் உறவுகள் எடை போட்டுக் கூலி வாங்குகிறவர்கள். செடியில் கொழுந்து குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். உத்தரவு போட்டவருக்கு ஒரு வேளைச் சோறும் குறையவில்லை.

சிக்கிம் வேறு வழியில் போனது. 2003இல் முடிவெடுத்து, படிப்படியாக உரத்தைக் குறைத்து, 2016இல்தான் முழு இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கியூபாவில் 1991இல் சோவியத் யூனியன் உடைந்து உரமும் எண்ணெயும் நின்றபோது, ஹவானா நகர மக்கள் காலி மனைகளில் காய்கறி போட்டார்கள். உணவில் பெரும் பங்கை அந்த நாடு இன்னும் இறக்குமதிதான் செய்கிறது; ஆனாலும் காய்கறிக்கு ஒரு வழி பிறந்தது. அவசரமும் கூடாது, அசட்டையும் கூடாது என்பதே இந்த நாடுகள் தரும் பாடம்.

நம் மும்பையிலும் ஒரு பாடம் உண்டு. ரயில்வே ஊழியர்களுக்குத் தண்டவாளத்தோர நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து, அதிக உணவு விளைவிக்கும் திட்டம் என்று பல்லாண்டுகள் நடத்தினார்கள். லோக்கல் வண்டி ஜன்னலில் பார்த்த பசுங்கீரை பல இடங்களில் சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்தது. பச்சையாக இருப்பதெல்லாம் நல்லதல்ல. நல்ல தண்ணீர் இல்லாமல் நல்ல பயிர் இல்லை.

இன்னொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்கினார். வட்டி விதையாக வந்தது. அது அடுத்த விவசாயிக்குப் போனது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் இப்படிப் பிழைத்தன. 2018இல் அவர் மறைந்தார்; விதை நின்றது. ஆனால் அதே பழைய தஞ்சை மாவட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 அன்று, கூலிப் போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பழைய நெல் வேண்டும். பழைய பண்ணையடிமைத்தனம் வேண்டாம். களைக்கொல்லி அடிக்காத வயலில் களையெடுக்கக் கைகள் வேண்டும். அவை பெரும்பாலும் பெண்களின் கைகள். அந்தக் கைகளுக்கு நியாயமான கூலி தராத விவசாயத்தை இயற்கை விவசாயம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. வரவேற்போம், கூடவே கேட்போம். மாறுகிற முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தால் நஷ்டத்தை யார் ஏற்பது? கம்பையும் குதிரைவாலியையும் நியாய விலைக்கு வாங்கி ரேஷனில் போடுவது எப்போது? 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதில் கைமாறிப் போனதை மீட்டுத் தருவது எப்போது? நிலமில்லாதவனுக்கு மண்வளம் பற்றிப் பாடம் நடத்துவது பசித்தவனுக்குப் பந்தி முறை சொல்லிக் கொடுப்பது போலாகும்.

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. ஊரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தரிசாகக் கிடக்கிறதென்று மனை வியாபாரியிடம் அவசரப்பட்டு விற்காதீர்கள். குத்தகைக்கு விட்டால், உரம் குறைத்துப் பயிர் செய்பவனுக்குக் குத்தகையையும் கொஞ்சம் குறையுங்கள். விடுமுறைக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் எந்த விதை எந்தப் பட்டத்துக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். பத்து வீடு சேர்ந்து ஊர்ச் சம்சாரியிடமே மூட்டையாக வாங்கினால் இடைத்தரகன் லாபம் இரு பக்கமும் மிஞ்சும். அலமாரிச் சீட்டுக்குக் காசு தர வேண்டியதில்லை. இதற்கான ஏற்பாட்டை வட்டாரக் கூட்டங்களில் பேச வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மண் பிழைத்தால் ஊர் பிழைக்கும். ஊர் பிழைத்தால், நம் பிள்ளைகள் இந்த நகரத்துக்கு வருவதானாலும் விரும்பி வருவார்கள். விரட்டப்பட்டு வர மாட்டார்கள்.