ஓட்டையை அடைத்தது நான்தான்!

"நாலு காசு மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழின்னு மெஷினையே கெடுத்துட்டா!" போன மாதம் எங்கள் வீட்டில் இதே பாட்டுதான். பாடியவர் என் கணவர். பக்கவாத்தியம் மாமியார்.

நான் அரவேணுவில் வசிக்கும் இல்லத்தரசி. எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சைத் தேயிலை விலை ஒரு மாதம் போல் மறு மாதம் இருக்காது. அதனால் எந்தச் செலவையும் ரெண்டு தடவை யோசித்துத்தான் செய்வோம். பிள்ளைகள் படிப்புக்காக ஒரு சின்ன இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினோம். கறுப்பு, கலர் இரண்டு கார்ட்ரிட்ஜும் புதிதாக வாங்கினால் பிரிண்டர் விலையில் பாதியை நெருங்குகிறது. எனவே மை பாட்டிலும் சிரிஞ்சும் வாங்கி, கறுப்பு கார்ட்ரிட்ஜுக்கு நானே மை நிரப்பினேன்.

அன்று இரவு பத்தாவது படிக்கும் மகனுக்கு பிராஜெக்ட் எடுக்க உட்கார்ந்தோம். முதல் பக்கம் பளிச்சென்று வந்தது. அடுத்த பக்கம் பாதியில் கோடு கோடாக மங்கி, பிறகு வெள்ளைத் தாளாகவே வெளியே வந்தது. 'கிளீனிங்' பட்டனை ஐந்தாறு தடவை அழுத்தினேன். மைதான் வீணானது. கரடியும் காட்டெருமையும் நடமாடும் ஊரில் அந்த நேரத்தில் கடை தேடி எங்கே போவது? மறுநாள் வெறுங்கையோடு போன பிள்ளை, வகுப்பில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கி வந்தான். எனக்கு மனசே ஆறவில்லை.

விசாரித்த கடையில், "ரீஃபில் பண்ணினா இப்படித்தாம்மா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து எண்ணெய் டின் உடைத்தேன். ஒரே ஓட்டை போட்டதும் எண்ணெய் 'களக் களக்' என்று தயங்கித் தயங்கி விழுந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் ஒழுங்காகக் கொட்டியது. அப்போதுதான் பொறி தட்டியது! மை காய்ந்துவிடக் கூடாதே என்று கார்ட்ரிட்ஜின் தலை முழுக்க செல்லோடேப் சுற்றி ஒட்டியிருந்தேன். காற்று உள்ளே போக வழியே இல்லை. பிறகு மை எப்படி இறங்கும்?

டேப்பைப் பிரித்தேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியின் மேல், மை வரும் அடிப்பக்கத்தை ஒரு நிமிடம் வைத்தேன். துணியில் கறுப்புப் பட்டை பதிந்தது. பிரிண்டரில் போட்டேன். பழையபடி பளிச்!

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். மை சுத்தமாகத் தீரும் வரை காத்திருக்காதீர்கள். என் பிரிண்டர் போன்றவற்றில் அச்சடிக்கும் தலை கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. மையைச் சூடாக்கித்தான் துளித்துளியாகத் தள்ளுகிறது. மை இல்லாமல் ஓடினால் அடிப்பிடித்த பாத்திரம் கதைதான். சிரிஞ்சை மெதுவாக அழுத்துங்கள். ஓட்டையில் மை எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். நிரப்பிய பிறகும் 'மை இல்லை' என்று பிரிண்டர் சொன்னால் பயப்பட வேண்டாம். அது உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, செலவான துளிகளைக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. வாரம் ஒரு பக்கமாவது அச்சடித்தால் துளைகள் காயாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் மலையில் தாள் ஈரம் கோத்து, எழுத்து ஊறிவிடும். தாளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

இப்போது என் கேள்வி. இந்தச் சின்ன விஷயங்களைக் கம்பெனிகள் ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் அச்சடித்துத் தரக் கூடாதா? பிரிண்டரை மலிவாகக் கொடுத்து, மையில் காசு பார்ப்பது என்ன நியாயம்? காசு கொடுத்து வாங்கிய பிறகு பொருள் நம்முடையதுதானே? அமெரிக்காவில் லேசர் பிரிண்டர் கார்ட்ரிட்ஜுகளில் மறுபடி டோனர் நிரப்பி விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் மேல் லெக்ஸ்மார்க் கம்பெனி வழக்குப் போட்டது. விற்றுவிட்ட பொருளின் மேல் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று 2017ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று தனி இணையதளம் தொடங்கியிருக்கிறது.

மை நிரப்பும் வசதியோடு டேங்க் பிரிண்டர்கள் கடையில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் முதலில் கொடுக்கும் விலை கூடுதல். கையில் அவ்வளவு இல்லாதவர்கள்தானே சின்னதை வாங்கி மாட்டிக்கொள்கிறோம்?

ஓட்டையை அடைத்தது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். கண்டுபிடித்துத் திறந்ததும் நான்தானே! பாட்டுப் பாடியவர் இப்போது பக்கத்து வீட்டு கார்ட்ரிட்ஜையும் கொண்டு வந்து, "கொஞ்சம் பாரேன்" என்கிறார். தெரியாததைச் செய்து பார்க்கும் பெண்ணைக் கேலி செய்யும் முன், ஒரு தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்களேன்.

- ஒரு வாசகி, அரவேணு.