ஏசி எழுப்ப முடியாது

“இந்தப் படங்கள் நம் பிள்ளைகளின் மனசைக் கெடுக்கின்றன.” அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பரொருவர் இப்படி முழங்கினார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலை இங்கே வாபஸ் பெறுகிறேன்.

நண்பர் சாடியது, பாழ்பட்ட எதிர்காலத்தைக் காட்டும் ஹொலிவூட் அறிவியல் புனைகதைப் படங்களை. 2012இல் வெளியான ‘த ஹங்கர் கேம்ஸ்’ அவற்றுள் பேர்பெற்றது. அதில் 12 மாவட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 12 முதல் 18 வயது வரையான ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். அந்த 24 பேரையும் காட்டில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொல்லச் சொல்லித் தொலைக்காட்சியில் பார்க்கிறது தலைநகரம்.

கொடூரந்தான். ஆனால் பிள்ளைகள் இரத்தம் பார்க்கவா போகிறார்கள்? பத்தாந்தர மாணவனொருவனிடம் கேட்டேன். இறுதியில் மிஞ்சும் இருவர் ஒருவரையொருவர் கொல்ல மறுத்து, நச்சுப்பழத்தை வாயருகே கொண்டுபோகும் கட்டத்தைச் சொன்னான். “அவங்க வெல்லல்ல சேர். விளையாட மாட்டம் எண்டாங்க.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகளை விடியமுன் வகுப்புக்கு வரச்செய்தவன் நான். மாவட்டவாரியாக வெட்டுப்புள்ளி வந்ததும், தேறியவர்களின் படங்களைப் பதாகையாக்கிப் பாடசாலை வாசலில் கட்டியவனும் நானே. அந்த வாசலால்தான் தேறாத பிள்ளைகளும் தினமும் உள்ளே வந்தார்கள். ‘ஓடு, முந்து’ என்கிறோம் நாம். இந்த ஓட்டமே சரிதானா என்று கேட்கிறது படம். பிள்ளை எதை நம்பும்?

வெறும் கற்பனையென்று தள்ளவும் முடியாது. 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, எதிர்த்தவர்கள் இப்படத்தில் வரும் மூன்றுவிரல் வணக்கத்தையே உயர்த்தினார்கள். அதற்காகக் கைதானவர்களும் உண்டு. 2020இல் அந்நாட்டு மாணவர்கள் காலைக்கூட்டத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போதே விரல்களை உயர்த்தினார்கள். 2021 பெப்ரவரியில் மியன்மாரில் இராணுவ ஆட்சிக்கு எதிராக ஆசிரியர்களும் உயர்த்தினார்கள்.

இப்படங்களில் குறையில்லை என்பதல்ல என் வாதம். கொலையைக் காட்சிப்பொருளாக்கும் தலைநகரைக் கண்டிக்கும் படம், அதே கொலையைக் காட்டித்தான் நுழைவுச்சீட்டு விற்கிறது. ஊரே சேர்ந்து செய்யவேண்டியதை ஒரு பெண்ணின் அம்புக்குள் சுருக்குகிறது. இதையெல்லாம் பிள்ளைகளோடு இருந்து பேசலாம். பேசுவதற்கு நாமும் பார்த்திருக்க வேண்டும். நண்பர் பார்த்திருக்கவில்லை, கூட்டம் முடிந்து கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டார்.

எழுத்தாள நண்பர்களே, பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்களுக்கென்று நாம் எழுதியது என்ன? சிறுவர் பாட்டில் அணிலையும் நிலாவையும் கொடுத்தோம். பிறகு நேரே பெரியவர்களின் கதைகளுக்கு அனுப்பிவிட்டோம். நடுவில் நாம் விட்ட வெற்றிடத்தில்தான் ஹொலிவூட் வந்து குந்தியிருக்கிறது. அதை ஏசி எழுப்ப முடியாது. எழுதித்தான் எழுப்ப வேண்டும்.

இம்முறை வாசலில் பதாகை கட்டப்போவதில்லை என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பத்தாந்தரப் பிள்ளைக்கு அது முழுப் பதிலல்ல என்பது எனக்கும் தெரியும்.