டயருக்கும் வயசு உண்டு

போன தடவை ரசப்பொடி, இந்தத் தடவை ரப்பர் டயரா என்று சிரிக்காதீர்கள் சகோதரிகளே! காரை ஓட்டுவது யாராக இருந்தாலும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பின் சீட்டில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நாம்தானே? ஓடுகிற கார் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கே இடத்தில்தான். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு. பிரேக் பிடித்து நிற்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் வழுக்காமல் போவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான். அப்படிப்பட்ட பொருளை வாங்கும்போது, "அதெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்று நாம் ஒதுங்கியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புடவைக் கடையில் முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நமக்கு, டயரைப் பார்த்து வாங்குவது ஒன்றும் பிரமாத வித்தை இல்லை.

எங்களிடம் இருப்பது 2018-ல் வாங்கிய மாருதி ஆல்ட்டோ 800. திருச்சியில் கடைத்தெரு, கோவில், மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போவது என்று ஓடுகிற வண்டி. பாதி நாள் வாசலில் வெயிலில் நிற்கும். ஏழு வருஷத்தில் 28,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. 2025 ஐப்பசியில், பிரசவத்துக்கு வந்திருந்த மகளையும் ஐந்து மாதப் பேரனையும் கோயமுத்தூரில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. கரூர் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். அடைமழைக் காலம் வேறு. புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, "ஏங்க, டயரை ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டிடலாமே" என்றேன்.

என் கணவர் வாசலுக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "பட்டன் புதுசு மாதிரி இருக்கு. இன்னும் 20,000 கிலோமீட்டர் ஓடும். எதுக்கு வீண் செலவு?" என்றார்.

பட்டன் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலை பேரனைப் பார்க்க வந்த எங்கள் பெரியண்ணன் பட்டனைப் பார்க்கவே இல்லை. அவர் பஸ் பணிமனையில் டயர் பிரிவில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து, டயரின் பக்கச் சுவரை விரலால் தேய்த்தார். "உன் குக்கர் கேஸ்கட் பழசானா என்னம்மா ஆகும்?" என்று என்னைக் கேட்டார்.

"விறைச்சுப் போகும். வெடிப்பு விடும்."

"அப்ப இதைப் பாரு."

மயிரிழை மயிரிழையாக டயரைச் சுற்றி வெடிப்பு ஓடியிருந்தது. தூசி படிந்திருந்ததால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஓடினால்தான் டயர் தேயும், ஆனால் ஓடாமலே முதுமை வந்துவிடும் என்று அண்ணன் விளக்கினார். வெயில், சூடு, காற்றில் உள்ள பிராணவாயு எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுகச் செய்கின்றன. ரப்பரோடு கலந்திருக்கும் காப்பு மெழுகு, டயர் உருண்டு நசுங்கி எழும்போதுதான் மேலே வந்து படியுமாம். நின்றே கிடக்கிற வண்டிக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. எங்களைப் போலக் குறைவாக ஓட்டுகிறவர்கள்தான் ஏமாந்து போகிறவர்கள். பட்டன் தேயாததால் டயர் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

சரி, வயசை எப்படித் தெரிந்துகொள்வது? மருந்துப் பாட்டிலில் தேதி இருப்பது போல டயரிலும் இருக்கிறது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் ஒரு வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். எங்கள் டயரில் 1418. அதாவது 2018-ஆம் வருஷத்தின் 14-ஆவது வாரம் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும்; வெளிப்பக்கம் காணோமென்றால் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒரு முறை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து வருஷம் ஆகிவிட்டால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது. பத்து வருஷம் என்பது கடைசி எல்லை. அதுவரை தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. நம் ஊர் வெயிலில் நின்று வெடிப்பும் விட்டுவிட்டால் ஏழு வருஷமே அதிகம்தான்.

தேய்மானத்தையும் நாமே பார்த்துக்கொள்ளலாம். பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அங்கங்கே குறுக்கே சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது என்று அர்த்தம். ரோட்டில் நிற்கும் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர்ப் படலத்தின் மேல் கார் மிதக்கும். ஸ்டியரிங்கும் பேசாது, பிரேக்கும் பேசாது. மழைக்காலத்துக்கு முன்னாலேயே, மேட்டைத் தொடும்வரை காத்திராமல் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

மறுநாள் என் கணவர் ஒரு சமரசத்துக்கு வந்தார். சிநேகிதர் ஒருவர் நல்ல நிலையில் பழைய டயர் வாங்கித் தருவதாகச் சொன்னாராம், பாதி விலைக்கு. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். யார் ஓட்டினது, எந்தப் பள்ளத்தில் இறங்கினது, உள்ளே நூல் அறுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. தேய்ந்த டயரில் பள்ளத்தை மறுபடி வெட்டி 'கட்டிங்' போட்டு விற்கிறவர்களும் உண்டு. கம்பிக்கு மேலே இருக்கிற கொஞ்ச ரப்பரும் அதில் போய்விடும். பிறகு, "ரெண்டு மட்டும் மாத்தலாமா?" என்றார். நான்குமே ஒரே வயசு என்பதால் எங்களுக்கு அது சரிப்படவில்லை.

உங்களில் யாராவது தேய்மானத்துக்காக இரண்டு மட்டும் மாற்றினால் ஒன்றைக் கவனியுங்கள். புதுசை முன்னால் போடச் சொல்வார்கள். பின்னால்தான் போட வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் சுழற்றிக்கொண்டு வரும். நம்மைப் போன்ற சாதாரண ஆட்களால் அதைச் சமாளிக்க முடியாது.

கடைக்கு நானும் போனேன். முதல் கடையில் எங்கள் அளவு இல்லை. எங்கள் அளவு 145/80 ஆர்12 74டி. இதை ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. 12 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும். அந்த வேகத்தில் ஓட்டச் சொல்லவில்லை! கடைக்காரர், "அக்கா, அதே 145, அதே 12. லோடு வண்டி டயர் இருக்கு, கெட்டியா இருக்கும், ரொம்ப நாள் உழைக்கும்" என்று ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் எல்.டி. என்று போட்டிருந்தது. பாரம் ஏற்றுகிற சின்ன வண்டிக்கு, நிறையக் காற்று அடித்து ஓட்டுவதற்காகச் செய்த டயர் அது. லேசான காரில் போட்டால் தூக்கித் தூக்கிப் போடும், ரோட்டைப் பிடிப்பதும் சரியாக இராது. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது கடையில் அளவு சரியாக இருந்தது. எந்தக் கம்பெனி என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சரியான அளவும் புதுத் தேதியும் இருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். எம்.ஆர்.எஃப். என்ற பெரிய கம்பெனியே 1946-ல் நம் திருவொற்றியூரில் குழந்தைகளுக்குப் பலூன் செய்யும் தொழிலாகத்தான் ஆரம்பித்ததாம். பேரன் இருக்கிற வீடல்லவா, இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்கு டயரை அடுக்கி வைத்தார்கள். குனிந்து நான்கிலும் தேதியைப் படித்தேன். இரண்டில் 2025, இரண்டில் 2022. "கோடவுன்லயே இருந்ததும்மா, வெயில் படலை" என்றார் அவர். நிழலில் வைத்த டயர் ஒரு வருஷத்தில் கெட்டுவிடாது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருஷம் ஆனதற்குப் புது விலை ஏன் கொடுக்க வேண்டும்? "நாலும் இந்த வருஷத்துது குடுங்க, இல்லேன்னா வேற கடை பார்க்கிறோம்" என்றேன். அரை மணி நேரத்தில் வேறு இரண்டு வந்தன. என் கணவர் ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

பில்லையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. முன்பு வரியோடு 128 ரூபாய் கொடுத்த இடத்தில் 118 ரூபாய். எங்களுக்கு நான்கு டயரும், அலைன்மென்ட், பேலன்ஸிங் கூலியும் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிந்தது. காற்று அடிக்கும் மூக்கான வால்வும் ரப்பர்தான், அதையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நைட்ரஜன் அடிக்கக் கூடுதல் காசு கேட்டார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தானே, வேண்டாம் என்றுவிட்டேன். அதைவிட முக்கியம், மாதம் இரண்டு தடவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றின் அளவைப் பார்ப்பது. எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிரைவர் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும். கோடையில் டயர் வெடித்துவிடும் என்று காற்றைக் குறைக்கிறார்கள் சிலர். காற்று குறைந்தால்தான் டயர் அதிகம் நசுங்கி, அதிகம் சூடேறி, வெடிக்கும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். ஒரு நாள்கூட ஓடாமல் டிக்கியில் தூங்கினாலும் அதற்கும் அதே வயசுதான். எங்கள் பழைய நான்கில் வெடிப்பில்லாதது ஒன்றுகூட இல்லை. அதனால் ஐந்தாவது டயரைப் பொங்கல் போனஸ் வந்ததும் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

கழற்றிய டயர்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். செடி வைக்கலாம், மாடியில் கிடக்கட்டும் என்று கொண்டுவந்தால் மழைத் தண்ணீர் உள்வளைவில் தேங்கி நிற்கும். கவிழ்த்தாலும் முழுவதும் வடியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அதன் முட்டை காய்ந்துபோன டயரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஊஞ்சல் கட்டியே ஆக வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டுவிடுங்கள். போகியன்று கொளுத்த மட்டும் தெருப் பையன்களிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கரும்புகை முதலில் நுழைவது நம் வீட்டுத் தொட்டிலுக்குள்தான்.