ஸ்கூட்டரின் வயதைப் பார்ப்பதா, பிரேக்கைப் பார்ப்பதா?

சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது. 2018 ஏப்ரலில் தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிட்ட முடிவு இது. அன்று இந்தக் கணக்கில் விழுந்த வண்டிகள் சுமார் 27,000. 2023 ஏப்ரல் 5-க்குள் தாமாகவே பதிவை நீக்கிக்கொள்வோருக்கு 3,500 வெள்ளி வரை தருவதாகவும் சொன்னார்கள். பலர் வாங்கிக்கொண்டார்கள். வாங்காதவர்கள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பவற்றில் பழைய வெஸ்பாக்களும் உண்டு.

புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தகுதியில்லாத வண்டி சாலைக்கு வரக் கூடாது என்பதிலும் இல்லை. வண்டி கெட்டால் முதலில் அடிபடுகிறவன் தொழிலாளிதான். காருக்குள் இருப்பவனுக்குச் சுற்றிலும் இரும்பு. ஸ்கூட்டர்காரனுக்கு முழங்காலுக்கு முன்னால் ஒரே ஒரு தகடு. நாம் கேட்பது வேறு. ஒரு வண்டி ஓடலாமா கூடாதா என்று தீர்மானிக்கத்தானே ஆண்டுதோறும் சோதனை வைத்திருக்கிறீர்கள்? அந்தச் சோதனையில் தேறி வந்த வண்டியைப் பிறந்த தேதியைக் காட்டி வெளியே தள்ளுவது என்ன நியாயம்? தோட்டத்தில் மரத்தை வெட்டச் சொல்லும் துரைகூட, நட்ட ஆண்டை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. பால் எவ்வளவு வருகிறது என்று எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோடாரியைத் தூக்கச் சொல்வான்.

சிங்கப்பூரில் மூன்று ஆண்டு நிறைந்த மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் ஆண்டுக்கொரு முறை சோதனைக்குப் போயாக வேண்டும். 1981-இல் தொடங்கிய விக்காம் முதலிய நிலையங்கள் இதற்கு அங்கீகாரம் பெற்றவை. சின் மிங், காக்கி புக்கிட் போன்ற இடங்களில் இருக்கின்றன. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா, விளக்கு எரிகிறதா, டயர் மொட்டையாகிவிட்டதா, பிரேக் பிடிக்கிறதா, புகைக்குழாயில் வரும் நச்சு அளவுக்குள் இருக்கிறதா, சத்தம் மிஞ்சுகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். தேறாவிட்டால் பழுது பார்த்துக்கொண்டு மறுபடி வர வேண்டும். கண்டிப்பான முறைதான்; நல்ல முறை என்றே நாம் சொல்வோம்.

அப்படியானால் பழைய ஸ்கூட்டர் நம்பத் தகுந்த வண்டிதானா என்று கேட்பீர்கள். அதற்கு அதன் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1946-இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வரைந்தவர் கொராடினோ டஸ்கானியோ. அவர் விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காதவர். மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பிடிக்காததையெல்லாம் நீக்கினார். சங்கிலி இல்லை, ஆகவே கால்சட்டையில் எண்ணெய் படுவதில்லை. எஞ்சினைத் தகட்டால் மூடினார். சக்கரத்தை ஒரு பக்கத் தண்டில் நிறுத்தினார்; பஞ்சரானால் சில நட்டுகளைக் கழற்றி ஸ்பேர் சக்கரத்தை மாட்டிவிட்டு வேலைக்குப் போய்ச் சேரலாம். போரில் நொறுங்கிக் கிடந்த நாட்டில் கூலிக்காரனும் வாங்கக்கூடிய வண்டியாக வந்தது அது. அடுத்த ஆண்டே மிலான் நகரில் இன்னொசென்ட்டி ஆலை லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது. இன்னொசென்ட்டி 1971-இல் ஸ்கூட்டரைக் கைவிட்டபோது இந்திய அரசு அந்த இயந்திரங்களை வாங்கி லக்னோவுக்குக் கொண்டுபோயிற்று; அங்கே 1997 வரை ஸ்கூட்டர் செய்துகொண்டிருந்தார்கள். 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக்கும் வெஸ்பாவின் வழி வந்ததுதான். இப்படிப் பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்த வண்டி என்பதால்தான் உதிரிபாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகள் அதற்கு உண்டு. சிங்கப்பூரிலும் ஜாலான் புசார் அருகே சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலை 10-இல் அதை மூடிவிட்டார்கள். பழைய இரும்பைக் கிளறி வேண்டியதை எடுத்துக்கொள்ளும் ஏழையின் கடை அது.

ஆனால் குறைகளை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. பழைய ஸ்கூட்டரில் உயிருக்கு உலை வைக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது துரு. உடம்பே சட்டமாக இருக்கும் வண்டி இது. தனியாகக் குழாய்ச் சட்டம் கிடையாது. கால் வைக்கும் தளமும், நடுவில் ஓடும் முதுகும், பின் பிரேக் பெடல் இருக்கும் இடமும் துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே அரிக்கப்படுகிறது. அங்கே பட்டி பூசி மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து விற்கும் வியாபாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வியட்நாமிலிருந்து வந்த அழகான வண்டிகளைப் பிரித்துப் பார்த்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலையில் கை வைத்தவர்கள் அநேகர். பெயின்டைப் பார்த்து ஸ்கூட்டர் வாங்குவது, பட்டுப்புடவையைப் பார்த்துப் பெண் எடுப்பது போலத்தான்.

அடுத்தது பிரேக். பழைய மாடல்களின் முன் டிரம் பிரேக் சிறியது; மழையில் நனைந்தால் இன்னும் சோம்பல்படும். வெஸ்பா பி.எக்ஸ். வண்டிக்கு முன் டிஸ்க் பிரேக் வந்ததே 1998-இல்தான். ஷூவைக் காலத்தில் மாற்றி, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, டிரம்மைச் சுத்தமாக வைத்தால் சோதனையில் தேறும், இல்லாவிட்டால் தேறாது. மூன்றாவது மின்சாரம். பேட்டரி இல்லாத 6 வோல்ட் வண்டிகளில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது விளக்கு மினுக்கட்டாம்பூச்சி மாதிரி எரியும். உள்ளே ஒயரின் தோல் உதிர்ந்திருந்தால் அதுவும் இல்லை. இவை எல்லாமே ஒரு நல்ல பட்டறையில் ஓரிரு நாளில் சரிசெய்யக்கூடியவை. கம்ப்யூட்டர் வேண்டாம்; ஸ்பேனரும் பொறுமையும் போதும். புதிய வண்டியில் ஒரு சிறு மின்னணுப் பெட்டி செத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி புகை. இதில்தான் அதிகாரிகளின் வாதத்துக்கு வலு இருக்கிறது. பழைய வெஸ்பாவில் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரிகிறது. மிகப் பழைய மாடல்களில் 20 பங்குக்கு 1, பிந்தியவற்றில் 50-க்கு 1. அதோடு, எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு எரிந்த புகையோடு சேர்ந்தே வெளியே ஓடிவிடும். அது எஞ்சினின் அமைப்பிலேயே உள்ள குறை. வாகனங்களில் மோட்டார் சைக்கிள்கள் நூற்றுக்குச் சுமார் 15 தான். ஆனால் வாகனங்கள் விடும் கார்பன் மோனாக்சைடில் பாதிக்கு மேல் அவற்றினுடையது என்று 2018-இல் வாரியம் கணக்குக் காட்டியது. 2003 ஜூலை 1 என்ற தேதியும் சும்மா வந்ததல்ல. ஐரோப்பியப் புகைத் தரம் புதிய மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டாயமானது அன்றுதான். சாலையோரத்தில் நின்று வேலை செய்கிற தொழிலாளியும் அந்தப் புகையைத்தானே மூச்சிழுக்கிறான்? இதை மறந்து பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பிராது.

இருந்தாலும், காருக்கு என்ன நீதி என்று பாருங்கள். மூன்று ஆண்டிலிருந்து பத்தாண்டு வரை காருக்கு இரண்டாண்டுக்கொரு சோதனை. பத்தாண்டு கடந்தால் ஆண்டுக்கொரு சோதனை. சாலை வரியும் கூடுகிறது. பத்தாண்டு கடந்த லாரிக்கு ஆறு மாதத்துக்கொரு சோதனை. டாக்சிக்கும் ஆறு மாதம். வயது ஏற ஏறக் கண்காணிப்பை இறுக்குவது என்ற கொள்கை சிங்கப்பூரில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, அறிவுள்ள கொள்கை. பழைய பெட்ரோல் காரை வைத்திருப்பவர் உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டலாம். ‘இன்ன நாளோடு சரி’ என்று அவருக்குக் கடைசித் தேதி குறிக்கவில்லை. ஸ்கூட்டருக்கு மட்டும் இறுக்குவதற்குப் பதிலாகக் கழுத்தை நெரிப்பானேன்?

“பாரம்பரிய வண்டிகளுக்கு விலக்கு இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. 35 ஆண்டு கடந்த வண்டியைத் தனித் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். ஆண்டில் 45 நாள் ஓட்டலாம். இந்த 45 நாள் யாருக்குப் பயன்படும்? வேலைக்குப் போக வேறொரு காரும், நிறுத்தி வைக்க இடமும், ஞாயிற்றுக்கிழமை உலாவ ஆசையும் உள்ளவருக்குப் பயன்படும். தேக்காவில் கடை திறக்கவோ, விடிவதற்குமுன் வேலையிடத்துக்குப் போய்ச் சேரவோ வண்டி வைத்திருப்பவனுக்கு மீதி 320 நாள் என்ன வழி? புதிய வண்டி வாங்கலாம் என்றால், வண்டி விலைக்கு முன்னால் உரிமைச் சான்றிதழ் நிற்கிறது. 2022 நவம்பரில் மோட்டார் சைக்கிளுக்கான அந்தச் சான்றிதழ் ஒன்றே 13,000 வெள்ளியைத் தாண்டிற்று. அதற்கு முன்னால் 3,500 வெள்ளி எம்மாத்திரம்? ஒரே ஸ்கூட்டர் ரசிகனின் கையில் இருந்தால் பாரம்பரியம். தொழிலாளியின் கையில் இருந்தால் மாசு!

பிற நாடுகள் என்ன செய்தன? வெஸ்பா செய்த பியாஜியோ கம்பெனி 1884-இல் பிறந்த ஊர் ஜெனோவா. அந்த நகரமே 2015 இறுதியில் 1999-க்கு முந்திய இரு சக்கர வண்டிகளுக்குப் பகலில் தடை போடப் புறப்பட்டது. ஊரே எழுந்து கூக்குரலிட்டது. பிரிட்டனோ நேர் எதிர்த் திசையில் போனது. 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையே கட்டாயமில்லை என்று விட்டுவிட்டது. இதுவும் நமக்கு உடன்பாடில்லை. நாற்பது வயது பிரேக் கேபிளுக்குத்தான் சோதனை அதிகம் வேண்டும். வண்டியை விரட்டுவது ஒரு கோணல். சோதனையை விரட்டுவது இன்னொரு கோணல்.

நம் கோரிக்கை இதுதான். 2003-க்கு முந்திய ஸ்கூட்டரையும் லாரியைப்போல ஆறு மாதத்துக்கொரு முறை சோதியுங்கள். புகை அளவை இன்னும் கடுமையாக்குங்கள். தேறாததைத் தயங்காமல் நிறுத்துங்கள். தேறியதை ஓட விடுங்கள். இது முடியவே முடியாது என்றால், பிழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு மாற்று வண்டி வாங்கும் அளவுக்கு உதவி கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

ஸ்கூட்டர்காரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சோதனை நாளில் மட்டும் நண்பனின் சைலன்சரை இரவல் வாங்கி மாட்டுவதும், கார்பரேட்டரை ஒரு நாளைக்கு மட்டும் திருகிவைத்து மறுநாள் பழையபடி ஆக்குவதும் எல்லோரும் அறிந்த கதை. “தேறிய வண்டி ஓடட்டும்” என்று கேட்கிற நாமே தேர்வில் காப்பியடித்தால், வயதைப் பார்ப்பதுதான் சரி என்று அதிகாரி சொல்லமாட்டாரா? பெட்ரோல் அதிகமாகப் போகிறதென்று கார்பரேட்டரை மிகவும் குறைத்து வைத்தால் எஞ்சின் சூடேறி ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும், அதுவும் ஆபத்து. அடைத்துப்போன காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தாலே புகையில் பெரும் மாற்றம் தெரியும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கிளச் பக்க ஆயில் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். கியர் எண்ணெய் எஞ்சினுக்குள் இறங்கி எரிகிறதாயிருக்கும்.

பாலத்துக்கு அப்பால் தோட்டங்களில் இருக்கும் வாசகர்களுக்கு இது அயலூர்ச் சங்கதியல்ல. மலேசியாவில் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமாக இருந்ததில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் பிரேக் தேயாமலா இருக்கும்? மாதத்தில் ஒரு நாள் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிடியை இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் பேரிங் போய்விட்டது. டயரைத் தடவிப் பாருங்கள். பின் பிரேக்கை மிதித்தபடி சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாம்.