ஒன்பதாவது பத்தி

எங்கள் விவாகரத்து மனுவில் மொத்தம் 14 பத்திகள். எட்டாவது பத்தி வரை எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கல்யாணம் நடந்த தேதி, மண்டபத்தின் பெயர், மகள் பிறந்த நாள், எப்போதிலிருந்து பிரிந்து வாழ்கிறோம் என்ற விவரம் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒன்பதாவது பத்தி சொன்னது இது: இரண்டாம் மனுதாரர் தன் நகைகளையும் சீர்வரிசைப் பொருட்களையும் முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார், இனி எக்காலத்திலும் ஜீவனாம்சம் கோரமாட்டார்.

இரண்டாம் மனுதாரர் நான்தான். ஒரு குண்டுமணித் தங்கம்கூட என் கைக்கு வந்திருக்கவில்லை.

“எல்லா மனுவுலயும் வர்றதுதாம்மா இது. டைப் பண்ணியே வெச்சிருப்போம்” என்றார் வக்கீல் அம்மா. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே வக்கீல், ஃபீஸ் கொடுத்தவர் என் கணவர். மனு ஆங்கிலத்தில் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். தமிழில் வாசித்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதும் அறையில் இருந்த எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்து என்ற வழியை 1976-இல் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவாகச் சேர்த்தார்கள். அதுவரை யாராவது ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சுமத்தி நிரூபித்தால்தான் விடுதலை. இந்த வழி வந்ததால் எத்தனையோ பெண்கள் சாட்சிக் கூண்டில் நின்று படுக்கையறைக் கதை சொல்லாமல் தப்பித்தார்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய இருவரும் ஒப்புக்கொள்கிறோம். சட்டம் கேட்பது இவ்வளவுதான். பெண் நகையை விட்டுக்கொடுக்க வேண்டும், ஜீவனாம்சத்தைக் கைவிட வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரியும் கிடையாது. அதை எழுதிச் சேர்த்தது நம் வழக்கம். ‘நாகரிகமாப் பிரிஞ்சுட்டாங்க’ என்று ஊர் மெச்சுகிறதே, அந்த நாகரிகத்துக்கான பணத்தை யார் கட்டினார்கள் என்று ஊர் கேட்பதில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். அப்பா கடன் வாங்கிப் போட்டது 24 பவுன். அதில் எட்டுப் பவுன் அவர் தொழிலுக்காக அடகுக்குப் போனது; அடகுச் சீட்டு அவர் பெயரில். மீதி மாமியாரின் பேங்க் லாக்கரில். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன், ஐந்து வருடம். திரும்பவும் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தபோது புதிதாக வந்தவளுக்கு என்ன சம்பளமோ அதுதான் எனக்கு: 14,000 ரூபாய். என்னோடு வேலைக்குச் சேர்ந்து வேலையை விடாதவர்கள் அதைப்போல் இரு மடங்கு வாங்குகிறார்கள். அந்த வித்தியாசம் அவருடைய வீட்டில்தான் செலவானது.

அம்மா சொன்னார்: “சனியன் விட்டதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வாடி.” பெண்ணியம் பேசும் தோழி ஒருத்தியும் வேறு சொற்களில் அதையேதான் சொன்னாள். நகை ஒரு விலங்கு, ஜீவனாம்சம் கேட்பது சுயமரியாதைக்கு இழுக்கு, தூக்கியெறிந்துவிட்டு வெளியே வா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் தூக்கியெறிவது எங்கே போய் விழுகிறது? மாமியாரின் லாக்கரில். சீதனம் மனைவியின் சொத்து, கணவன் வீட்டார் வெறும் பொறுப்பாளர்கள், திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது 1985-இல். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துப் பெற்றவள் என்பதற்காக ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று வனமாலா வழக்கில் சொன்னது 1995-இல். இத்தனைக்குப் பிறகும், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நானே கையெழுத்திட்ட தாளை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் வழக்காடுவது?

இன்னொன்றும் உண்டு. பலாத்காரம், மோசடி, தகாத செல்வாக்கு எதனாலும் அந்தச் சம்மதம் பெறப்படவில்லை என்று நீதிமன்றம் நிறைவடைய வேண்டும் என்பது அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. நடைமுறையில் அது ஒரே கேள்வி: “யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?” பக்கத்தில் கணவர், பின்னால் அவருடைய அண்ணன். “இல்லை” என்பதைத் தவிர வேறென்ன வாயில் வரும்?

நான் அன்று கையெழுத்துப் போடவில்லை. மனுவோடு இணைக்கக் கல்யாணப் பத்திரிகையும் கல்யாண போட்டோவும் கேட்டிருந்தார்கள். அந்த போட்டோவைப் பெரிதாக்கி வைத்து ஆரம், நெக்லஸ், வளையல், ஒட்டியாணம் என்று என் உடம்பில் இருந்ததை ஒவ்வொன்றாக எழுதினேன். அப்பா பத்திரமாக வைத்திருந்த நகைக்கடை பில்களைச் சேர்த்தேன். இரண்டு மாதம் பேச்சு நடந்தது. “காசுக்கு அலையுறா” என்று அவர்கள் பக்கம் சொன்னது என் காதுக்கும் வந்தது. கடைசியில் ஒன்பதாவது பத்தி மாறியது. லாக்கரில் இருந்த 16 பவுன் முதல் கையெழுத்துக்கு முன்பே கைக்கு வந்தது. அடகில் போன எட்டுப் பவுனுக்கான பணம், ஆறு மாதம் கழித்து இரண்டாம் கட்ட வாக்குமூலத்துக்கு முன். மகளுக்கு மாதம் 6,000. எனக்கு ஜீவனாம்சம் கிடைக்கவில்லை. ஆனால் கோரமாட்டேன் என்ற வரியை அடிக்கச் செய்தேன்.

பணத்தை இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் சொன்னது. நம் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். தீர்ப்புக்குப் பிறகு தருகிறேன் என்பவரிடம் அந்தப் பிடியை ஒப்படைக்காதீர்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மனு பெண்ணுக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். இருவரின் வருமானமும் சொத்தும் அதில் இணைக்கப்படட்டும். நகைப் பட்டியலும் அதைத் திருப்பித் தந்த தேதியும் எழுதப்படட்டும். நீதிபதி அவளைத் தனியாக உட்கார வைத்து, “இதை வாங்கிட்டியா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். இதைக் கேட்டால் தாமதமாகும் என்பார்கள். தாமதத்தைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டாம். வருடக்கணக்கில் பொறுத்துவிட்டுத்தான் அந்தப் படியேறுகிறோம்.

கையெழுத்துப் போடப் போகும் தோழிகளே, உங்கள் மனுவில் அது ஏழாவதாகவோ பதினொன்றாவதாகவோ இருக்கலாம். பேனாவைத் திறப்பதற்கு முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.